இறங்கி வந்து மோது!

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை இணையத்தில் ஓட்டிச் சண்டையிடும் விளையாட்டுகளில் எந்த மாலை நுழைந்தாலும் ஹெட்செட்டில் ஒரு வசவு கேட்கும்: "கோழை! இறங்கி வந்து மோது!" திட்டு வாங்குபவர் செய்தது இவ்வளவுதான். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் காத்திருந்தார். கீழே வட்டமடித்துக்கொண்டிருந்த ஒருவர்மேல் பாய்ந்தார். ஒரு நொடி சுட்டார். குறி தப்பியதும் அங்கே நின்று மல்லுக்கட்டாமல் விறுவிறுவென்று மேலே போய்விட்டார். கீழே இருப்பவர் துரத்திப் பார்க்கிறார். மூக்கைத் தூக்கிய சில நொடிகளில் அவருடைய விமானம் வேகமிழந்து தொங்குகிறது. மேலே போனவர் நிதானமாகத் திரும்பி மறுபடி பாய்கிறார். மூன்றாவது, நான்காவது பாய்ச்சலில் கதை முடிந்துவிடும்.

இருவருக்கும் ஒரே விமானம், ஒரே எஞ்சின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் ஒருவர் நினைத்தால் சண்டை தொடங்குகிறது, அவர் நினைத்தால் நிற்கிறது. மற்றவர் கையில் இரண்டுமே இல்லை. ஏன்? இது திறமையா, தந்திரமா, கோழைத்தனமா?

1980களின் பிற்பகுதியில், தொலைபேசிக் கம்பிவழி பலர் சேர்ந்து ஆடிய 'ஏர் வாரியர்' காலத்திலிருந்து 'ஏசஸ் ஹை', 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்', 'வார் தண்டர்', 'டிசிஎஸ்' வரை விளையாட்டுகள் மாறினாலும் வழக்கு மாறவில்லை. உயரத்திலிருந்து பாய்வது, பலர் சேர்ந்து ஒருவரை வீழ்த்துவது, ஓடுபாதையில் நிற்பவரைச் சுடுவது, நேருக்கு நேர் வந்து சுடுவது, இணையத் தாமதத்தைப் பயன்படுத்தித் தப்புவது என்று குற்றப்பட்டியல் நீளும். இவற்றில் பாதிக்குமேல் இயற்பியல்மீது போடவேண்டிய வழக்குகள் என்பது என் எண்ணம். மீதியில்தான் உண்மையான அநியாயம் இருக்கிறது. அது பெரும்பாலும் இந்தப் பொய்வானத்தில் இயற்கை விடுபட்டுப்போன இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதல் குற்றச்சாட்டிலிருந்து தொடங்குவோம். ஊஞ்சலில் ஆடும் குழந்தையைக் கவனியுங்கள். உச்சியில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. கீழே வரும்போது வேகம் உச்சத்தில். மறுபக்கம் ஏறும்போது அந்த வேகம் கரைந்து உயரமாகிறது. உயரமும் வேகமும் ஒரே ஆற்றலின் இரண்டு வடிவங்கள். காற்றும் கயிற்றின் உராய்வும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்னும். அவ்வப்போது பின்னாலிருந்து தள்ளிவிடும் அண்ணன் அந்த இழப்பை ஈடுகட்டுவான். விமானத்தில் எஞ்சின்தான் அந்த அண்ணன். ஆனால் அவன் தள்ளும் வேகத்துக்கு ஓர் அளவு உண்டு.

இந்த இரண்டு வடிவங்களையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர விமானப் பொறியாளர்கள் 'ஆற்றல் உயரம்' என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். ஒரு விமானம் தன் வேகம் முழுவதையும் ஒரு துளி வீணாகாமல் உயரமாக மாற்றிக்கொண்டால் எவ்வளவு மேலே போய் நிற்கும்? அதுவே அதன் ஆற்றல் உயரம். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தின் மதிப்பு ஏறத்தாழ 510 மீட்டர். வேகம் இரு மடங்காகி 720 ஆனால் மதிப்பு நான்கு மடங்கு, 2,040 மீட்டர். 1,000 மீட்டர் உயரத்தில் 720 கி.மீ. வேகத்தில் போகிறவரும், 2,500 மீட்டர் உயரத்தில் 360 கி.மீ. வேகத்தில் மெதுவாகப் போகிறவரும் ஆற்றலில் ஏறக்குறைய சமம். பார்வைக்குத்தான் ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். மேலே இருப்பவர் 3,000 மீட்டரில், கீழே இருப்பவர் 1,500 மீட்டரில். இருவருக்கும் வேகம் 360. ஆற்றல் உயரம் முறையே 3,510 மீட்டரும் 2,010 மீட்டரும். பாய்ந்து வருபவர் கீழே இருப்பவரின் மட்டத்தை அடையும்போது, காற்றின் தடையை மறந்துவிட்டுக் கணக்கிட்டால், அவர் வேகம் 715 கி.மீ. இருக்கும். சுட்டு முடித்து மூக்கைத் தூக்கினால் அந்த வேகமே அவரை மறுபடி 3,000 மீட்டருக்குக் கொண்டுபோகும். துரத்துபவர் கையிலிருக்கும் வேகம் எல்லாவற்றையும் செலவழித்தாலும் 2,010 மீட்டரைத் தாண்ட முடியாது. அதற்கு முன்பே இறக்கை விமானத்தைத் தாங்குவதற்கான வேகம் போய்விடும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்விட்ட குழந்தையைத் தரையில் நின்றுகொண்டு எட்டிப் பிடிக்கும் வேலை அது. இதை ஆட்டக்காரர்கள் 'பூம் அண்ட் ஸூம்' என்பார்கள். நாம் பாய்ச்சல் முறை என்போம்.

இந்தக் கணக்கு விளையாட்டு தயாரிப்பவர்கள் கண்டுபிடித்ததல்ல. டக்ளஸ் விமான நிறுவனத்தின் எட்வர்ட் ருட்டாவ்ஸ்கி 1954இல், ஒரு விமானம் விரைவாக மேலேறச் சிறந்த வழி எது என்பதை ஆற்றல் கணக்கால் காட்டினார். அதைச் சண்டைக்குரிய முழுக் கோட்பாடாக விரித்தவர்கள் அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜான் பாய்டும் கணிதவியலர் தாமஸ் கிறிஸ்டியும். 1960களின் தொடக்கத்தில் புளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில், வேறு பணிகளின் பெயரில் கணினி நேரத்தைச் சுரண்டிக்கொண்டு, அமெரிக்க விமானங்களையும் சோவியத் மிக் விமானங்களையும் வேகம் வேகமாக, உயரம் உயரமாக ஒப்பிட்டார்கள். ஒரு விமானத்திடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதோடு, இழந்ததை எவ்வளவு சீக்கிரம் திரும்பச் சேர்க்கிறது என்பதையும் பார்த்ததுதான் அவர்களுடைய சிறப்பு. பல இடங்களில் மிக் விமானங்களின் கை ஓங்கியிருந்தது தெரிந்ததும் மேலதிகாரிகளுக்கு வியர்த்தது. பின்னால் வந்த எஃப்-15, எஃப்-16 விமானங்களின் வடிவமைப்பில் இந்தக் கணக்கின் பங்கு பெரிது.

பாய்டுக்கு 'நாற்பது நொடி பாய்டு' என்று பட்டப்பெயர். எதிரியைத் தன் வாலுக்குப் பின்னால் விட்டுத் தொடங்கினாலும் நாற்பது நொடிக்குள் நிலைமையைத் தலைகீழாக்குவதாகப் பந்தயம் கட்டுவார். ஆகவே ஆற்றல் குறைந்தவருக்குக் கதியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அதைப் பிறகு பார்ப்போம்.

"இறங்கி வந்து மோது" என்பவர் உண்மையில் என்ன கேட்கிறார்? வட்டமடித்துச் சண்டையிடக் கூப்பிடுகிறார். விமானம் திரும்பவேண்டுமானால் பக்கவாட்டில் சாயவேண்டும். சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை எடையைத் தாங்கும் வேலையோடு திருப்பும் வேலையையும் செய்யவேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரு மடங்கைச் சுமக்கிறது. விமானி தன் எடை இரண்டு மடங்கானதாக உணர்வார். இதைத்தான் 2 ஜி என்கிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. இறக்கையின் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறுகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் ஆற்றல் விமானத்தின் கணக்கிலிருந்து கழிகிறது. இதைத் தூண்டு பின்னிழுப்பு என்று சொல்லலாம். கெட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டில் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இதற்குக் கணிதம் வகுத்துவிட்டார். ஈரமான நாளில் போர் விமானம் இறுக்கமாக வளையும்போது இறக்கை நுனிகளிலிருந்து வெள்ளை இழைகள் நீள்வதைப் பார்த்தால், அந்தச் செலவைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள்.

செலவு ஏறும் விதம்தான் கொடுமை. ஒரே வேகத்தில் சுமை இரு மடங்கானால் தூண்டு பின்னிழுப்பு நான்கு மடங்கு. 4 ஜியில் பதினாறு மடங்கு. அந்தக் காலத்து எஞ்சின்கள் இதற்கு ஈடுகொடுக்காது. எனவே வட்டச் சண்டையில் இருவரும் மாறிமாறி உயரத்தையும் வேகத்தையும் கொட்டிக்கொண்டே மரமட்டத்துக்கு வந்துசேர்வார்கள். அங்கே ஜெயிப்பது மெதுவாகப் பறந்து இறுக்கமாகத் திரும்பக்கூடிய விமானம். பெரிய இறக்கையும் குறைந்த எடையும் கொண்ட ஜப்பானிய ஜீரோ அப்படிப்பட்டது. நிறை சுமையோடு சுமார் 2.4 டன். அமெரிக்கத் தண்டர்போல்ட் 6 டன்னுக்கு மேல். தண்டர்போல்ட்காரரை ஜீரோக்காரர் "இறங்கி வந்து வட்டமடி" என்று கூப்பிடுவதும், ஜீரோக்காரரைத் தண்டர்போல்ட்காரர் "ஏழாயிரம் மீட்டருக்கு ஏறி வந்து பாய்ச்சலில் போட்டியிடு" என்று கூப்பிடுவதும் ஒன்றேதான். இரண்டாவது அழைப்பை யாரும் விடுப்பதில்லை. முதல் அழைப்பு மட்டும் வீரத்தின் குரலாகக் கேட்கிறது.

இந்த வாதம் நிஜப் போரிலும் நடந்து முடிந்ததுதான். 1941இல் பர்மாவில் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளைப் பயிற்றுவித்த கிளேர் செனால்ட், ஜப்பானிய விமானங்களோடு வட்டமடிக்கவே கூடாது என்று அடித்துச் சொன்னார். அவர்களுடைய பி-40 கனமானது, உறுதியானது, பாய்ந்தால் வேகமெடுக்கும். உயரத்திலிருந்து பாய், சுடு, அப்படியே போய்விடு. அவருடைய ஆட்கள் பெரும்பாலும் சந்தித்தவை ஜப்பானியத் தரைப்படையின் இலகுவான விமானங்கள். ஜீரோவைப்போலவே அவையும் வளைவதில் கெட்டி. செனால்டின் பாடத்தைக் கேட்டவர்களைப் 'பறக்கும் புலிகள்' என்றுதான் உலகம் கொண்டாடியது. கோழைகள் என்று யாரும் சொல்லவில்லை.

ஜீரோவின் பலவீனங்கள் அளந்து அறியப்பட்ட விதம் சுவையானது. 1942 ஜூன் தொடக்கத்தில் அலூஷியன் தீவுகளின் டச்சு துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானிய விமானிகளுள் தடயோஷி கோகா ஒருவர். குண்டடிபட்ட தம் ஜீரோவை அக்குட்டான் தீவின் புல்வெளியில் இறக்கப் பார்த்தார். புல்லுக்கடியில் சேறு, சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது, அவர் இறந்தார். விமானம் அதிகம் சேதமாகவில்லை. அமெரிக்கர்கள் அதை எடுத்துப்போய்ச் சான் டியாகோவில் பழுதுபார்த்து, செப்டம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 200 கடல்மைல் வேகத்துக்குமேல் அதன் புரளல் சுக்கான்கள் இறுகிப்போயின. விமானத்தைப் புரட்டுவதே பாடாக இருந்தது. மூக்கைத் திடீரென்று கீழே அழுத்தினால் எரிபொருள் வராமல் எஞ்சின் விக்கியது. வேகமாகப் பாய்ந்து, புரண்டு தப்பு என்று விமானிகளுக்கு அறிவுரை போனது. நல்ல விமான விளையாட்டுகள் இப்படிப்பட்ட போர்க்காலச் சோதனை அறிக்கைகளைத்தான் தங்கள் கணக்குக்கு உரைகல்லாக வைத்துக்கொள்கின்றன. வீட்டில் அப்படியொரு விளையாட்டு இருந்தால் நீங்களே சோதிக்கலாம்: 720 கி.மீ. வேகத்தில் மூக்கைத் தூக்குங்கள், 360 ஆகும்போது எவ்வளவு ஏறியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 1,530 மீட்டருக்குக் கொஞ்சம் அப்படி இப்படி வரவேண்டும். காற்றின் தடை குறைக்கும், எஞ்சின் கூட்டும். வெகுவாகத் தள்ளிப்போனால் அந்த விளையாட்டின் இயற்பியலைச் சந்தேகப்படலாம்.

கீழே மாட்டிக்கொண்டவருக்கு வழியில்லையா? உண்டு. பாய்ந்து வருபவரின் வேகமே அவருடைய பலவீனம். அதே ஜியில் வேகம் இரு மடங்கானால் திரும்பும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்கு. கடைசி நொடியில் கீழே இருப்பவர் வெடுக்கென்று குறுக்கே வளைந்தால் மேலிருந்து வருபவரால் கூடவே வளைய முடியாது. முன்னால் வழுக்கிப் போய்விடுவார். ஆசைப்பட்டு வளைந்தாலோ ஆற்றலைக் கொட்டுவார். இருவர் இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாட்ச், சமையலறை மேசையில் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு நெசவைக் கண்டுபிடித்தார்: இரு விமானங்கள் ஒன்றையொன்று நோக்கி மாறிமாறி வளையும், ஒன்றின் வாலைப் பிடித்து வருபவர் மற்றதன் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்பார். 1942 ஜூனில் மிட்வேயில், வளைவதில் தோற்றுப்போகும் வைல்ட்கேட் விமானங்களை வைத்துக்கொண்டே ஜீரோக்களுக்கு எதிராக அதைச் செய்து காட்டினார்.

இருவர் சேர்வதும் ஒரு குற்றச்சாட்டுதான் என்பதை மறக்கக்கூடாது. "மூன்று பேர் ஒருவன்மேல் விழுகிறீர்களே, வெட்கமில்லையா?" அபிமன்யுவின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரலில் நியாயம் இருப்பதாகத்தான் படும். ஆனால் எண்ணிக்கைக்கு ஏன் அவ்வளவு பலம் என்பதை 1914லேயே பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்கிட்டு எழுதினார். எல்லோரும் எல்லோரையும் குறிவைக்கக்கூடிய சண்டையில் ஒரு படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப்போல் ஏறுகிறது என்றார். திறமை சமமான ஐவரும் நால்வரும் மோதினால் கடைசியில் ஒருவர் மிஞ்சுவார் என்றுதான் தோன்றும். லான்செஸ்டர் கணக்கில் மூவர் மிஞ்சுகிறார்கள்: இருபத்தைந்திலிருந்து பதினாறு போக ஒன்பது, அதன் வர்க்கமூலம் மூன்று. நிஜச் சண்டைகள் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை என்றாலும் போக்கு இதுதான். ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் பெல்கே 1916இல் வகுத்த வானச் சண்டை விதிகளில், பலர் ஒரே எதிரியைத் துரத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒன்று உண்டு. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற எதிரிகள் கவனிப்பாரின்றி விடப்படுவார்கள் என்ற கவலைதான்! அதே பட்டியலின் மற்ற விதிகள் சூரியனை முதுகில் வைத்துக்கொள், பின்னாலிருந்து தாக்கு என்கின்றன. புறப்புண் பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் இந்தச் சண்டையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்கமாட்டான். இங்கே விழுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புறப்புண்தான். சுட்டவரைப் பார்க்காமலே விழுந்தவர்கள் ஏராளம்.

ஓடுபாதைக் குற்றச்சாட்டு இன்னும் உக்கிரமானது. விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் அதன் ஆற்றல் உயரம் கிட்டத்தட்டப் பூச்சியம். வளையவும் முடியாது, ஏறவும் முடியாது. அந்த நேரத்தில் மேலிருந்து சுடுவதை ஆட்டக்காரர்கள் 'வல்சிங்' என்று காறித் துப்புவார்கள். வரலாறு காறித் துப்பவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பல் படையை முந்தைய நாளே கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தின் கனடிய விமானி லியனார்ட் பர்ச்சால் கண்டு செய்தி அனுப்பிவிட்டார். அப்படியும் மறுநாள் காலையில் உரிய எச்சரிக்கை ரத்மலானை விமானத் தளத்துக்குப் போய்ச்சேரவில்லை. அங்கிருந்த ஹரிக்கேன் போர் விமானங்கள் ஓடுபாதையிலிருந்து எழும்பும்போது எதிரிகள் தலைக்கு மேலே வந்துவிட்டார்கள். 1944–45இல் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டை வானத்தில் பிடிக்க முடியாத நேசநாட்டு விமானிகள், அது இறங்கும் தளங்களைச் சுற்றிக் காத்திருந்தார்கள். அந்த ஜெட் எஞ்சினைச் சட்டென்று முடுக்கினால் அணைந்துபோகும். மெதுவாக இறங்கிவரும் அதனால் ஓடவும் முடியாது. ஜெர்மானியர்கள் யாரையும் திட்டவில்லை. தளத்தைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் காவலுக்கு ஃபோக்கவுல்ஃப் விமானங்களையும் நிறுத்தினார்கள்.

விளையாட்டில் அநியாயம் எங்கே நுழைகிறது என்றால், செத்தவர் அதே ஓடுபாதையில் சில நொடிகளில் மறுபடி பிறக்கிறார். மேலே வட்டமிடுபவருக்கு அது முடிவில்லாத அறுவடை. எந்தப் போரிலும் நடக்காத விஷயம் இது. அதனால் விளையாட்டு தயாரிப்பவர்கள் தளத்தைச் சுற்றி இரக்கமில்லாத பீரங்கிகளை வைப்பதும், வேறு தளத்திலிருந்து கிளம்ப வழிவிடுவதும் நியாயமான திருத்தம் என்பேன்.

இயற்கை விடுபட்ட மிகப் பெரிய ஓட்டை இணையத் தாமதம். சென்னையில் இருப்பவர் கைப்பிடியை அசைத்தால் அந்தச் செய்தி வழங்கிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவில் இருப்பவர் திரைக்குப் போக நொடியின் பத்தில் இரண்டு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 200 மீட்டர் போகும் விமானம் அதற்குள் 40 மீட்டர் நகர்ந்திருக்கும். வந்த செய்தியை அப்படியே வரைந்தால், எல்லோரும் எதிரியின் பழைய நிழலைத்தான் சுட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒரு தீர்வு 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான சிம்நெட் என்ற டாங்கிப் பயிற்சி வலையமைப்பிலேயே கையாளப்பட்டது. ஒவ்வொரு கணினியும் எதிரியின் கடைசி இடத்தையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு, "இப்போது அவர் இங்கேதான் இருக்கவேண்டும்" என்று கணித்து வரையும். புதிய செய்தி வந்ததும் திருத்திக்கொள்ளும். கணித்து நகர்த்தல் என்று இதற்குப் பெயர் வைப்போம்.

இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது தெரியுமா? நேராகப் போகிறவருக்குப் பிழையே இல்லை. 5 ஜியில் வளைகிறவருக்குக்கூட 0.2 நொடியில் பிழை ஒரு மீட்டர்தான். 40 மீட்டர் ஒரு மீட்டராகிவிட்டது! ஆனால் பிழை காலத்தின் வர்க்கத்தைப்போல் வளர்கிறது. அரை நொடி தாமதத்தில் ஆறு மீட்டர். ஒரு நொடி செய்தி வராமல் போனால் ஏறத்தாழ 25 மீட்டர். அதாவது ஜீரோவின் இறக்கை அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. அப்போது எதிரி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைப்பார்.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் கைப்பிடியை இடமும் வலமும் கலக்கிக்கொண்டே பறப்பார்கள். கணிப்பு எப்போதும் முந்தைய அசைவின் திசையிலேயே போகும்; விமானம் அதற்குள் எதிர்த்திசைக்கு மாறியிருக்கும். இதுதான் உண்மையான அழுகுணி ஆட்டம். நிஜ விமானி இதைச் செய்ய முயன்றால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். வேகம் கூடக்கூட விமானத்தின் கைப்பிடி கையை மீறி இறுகும். ஜீரோவில் இரு கையாலும் தள்ளமுடியாததை இங்கே மேசைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக்கை விரலால் தள்ளிவிடலாம். அதனால்தான் கவனமான விளையாட்டுகள், விமானியின் கைவலிமை எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்து, அசைவை மட்டுப்படுத்துகின்றன.

யார் திரையில் நடந்தது உண்மை என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. இரு திரைகளிலும் இரு வேறு வானங்கள். பல விளையாட்டுகளில் சுட்டவரின் திரையில் பட்டால் பட்டதுதான். தன் திரையில் வளைந்து தப்பியவர் அதற்குப் பிறகு வெடித்துச் சிதறுவார். ஏமாற்று என்று கத்துவார். மோதலுக்கு 'ஏசஸ் ஹை' வேறு தீர்ப்பு எழுதியது: யார் திரையில் மோதல் நடந்ததோ அவருக்கு மட்டும் சேதம். ஒருவர் நொறுங்கி விழ, மற்றவர் கீறலில்லாமல் போவதைப் பார்த்து ஆத்திரப்படாதவர் இல்லை. ஆனாலும் யோசித்தால் இதைவிட நேர்மையான தீர்ப்பு கிடையாது. தன் கண்ணெதிரே விலகிப் போனவரை, அவர் பார்க்காத மோதலுக்காகக் கொல்வது எந்த ஊர் நியாயம்?

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் 90 பாகை வானத்தை 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் விரித்தால், ஏறத்தாழ 12 கி.மீ. தாண்டிய விமானம் ஒரே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். 3,840 புள்ளித் திரை வாங்கியவரின் புள்ளி பரப்பில் அதில் நாலில் ஒரு பங்கு. தொலைவிலிருக்கும் எல்லா விமானத்தையும் ஒரு புள்ளியாகவே வரையும் விளையாட்டில், விலை கூடிய திரைக்காரருக்கு எதிரி சிறிதாகத் தெரிவார். பழைய திரைக்காரருக்குக் கரும்பொட்டாகத் தெரிவார். எதிரியைக் கண்டுபிடிக்கவென்றே திரையின் துல்லியத்தைக் குறைத்துக்கொண்டு ஆடியவர்கள் உண்டு. முதலில் பார்த்தவரே பெரும்பாலும் ஜெயிக்கும் சண்டையில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் இதைப் பற்றிய கூச்சல், பாய்ச்சல் முறையைப் பற்றிய கூச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

கடைசியாக, நேருக்கு நேர். இரண்டு விமானங்கள் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால் இடைவெளி நொடிக்கு 400 மீட்டர் சுருங்கும். சுடக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. இருவர் துப்பாக்கியும் இருவரையும் சரிசமமாகப் பார்க்கின்றன. திறமைக்கு அதிக இடமில்லை. பூவா தலையா என்பதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வல்லவர் ஒருவரோடு பத்துச் சண்டை போட்டால் ஒன்றில் மட்டும் ஜெயிக்கும் புதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் போனால் அவர் ஐந்தில் ஜெயிப்பார். அவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. வல்லவருக்கு இதைவிட மோசமான பேரம் கிடையாது. இதை அநியாயம் என்பவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகளாக இருப்பதற்கும், பாய்ச்சல் முறையை அநியாயம் என்பவர்கள் பெரும்பாலும் வட்டமடிப்பதில் கைதேர்ந்தவர்களாக இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

நிஜப் போரில் சமமான இரு போர் விமானங்கள் கடைசிவரை நேருக்கு நேர் நிற்பதற்கு விமானிகள் தயங்கியது அறநெறியால் அல்ல. பாதிக்குப் பாதி சாவு என்ற பேரத்தை ஒருவர் எத்தனை முறை ஏற்பார்? நாலு முறை போனால் உயிரோடு திரும்ப வாய்ப்பு பதினாறில் ஒன்று. எங்கே அந்தப் பேரம் சமமில்லையோ அங்கே தயங்காமல் போனார்கள். 1942 இறுதியில் எகோன் மேயர் போன்ற ஜெர்மானிய விமானிகள் பி-17 குண்டுவீச்சு விமானங்களை முன்பக்கமிருந்தே தாக்கினார்கள். அங்கேதான் துப்பாக்கிகள் குறைவு. பதிலுக்கு அமெரிக்கர்கள் அடுத்த வகை பி-17இன் தாடையில் இரட்டைத் துப்பாக்கி வைத்தார்கள்.

கணினி வானில் தூக்குவிசை இருக்கிறது, பின்னிழுப்பு இருக்கிறது, எரிபொருள் எடைகூட இருக்கிறது. சாவின் விலை மட்டும் இல்லை. அதைக் கொஞ்சமாவது கொண்டுவர, ஒருவருக்கு ஒரே உயிர்தான் என்ற கட்டுப்பாட்டோடு வரலாற்றுச் சண்டைகளை மறுநிகழ்த்தும் போட்டிகளைச் சிலர் நடத்துகிறார்கள். விழுந்தவர் அந்த மாலை முழுக்க வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். அங்கே ஆடும் விதமே வேறு. குண்டடி பட்டதும் மூக்கைத் திருப்பி வீட்டுக்குப் போகிறார்கள். கூட்டாளி சேரும்வரை சண்டைக்குள் நுழைவதில்லை. எதிரே ஒரு மூக்கு நேராகத் தங்களை நோக்கித் திரும்புவதைக் கண்டால், சுடும் தொலைவுக்கு வருவதற்கு வெகு முன்பே ஒதுங்கிக்கொள்கிறார்கள். நேருக்கு நேர் சுடக்கூடாது என்று அங்கே யாரும் விதி போடவேண்டிய அவசியமே இருப்பதில்லை.